படியமைத்துத் தந்த மருத்துவர்

ஜோகூர் பாருவின் குடியிருப்புப் பகுதிகளில் பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே சென்றால் மாண்டிசோரி என்னும் சொல் கண்ணில் படும். வண்ணப் பொருள்கள் நிறைந்த ஒரு வகைப் பாலர் பள்ளியின் பெயர் அது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அஃது இத்தாலி நாட்டுப் பெண் மருத்துவர் ஒருவரின் குடும்பப் பெயர். மரியா மாண்டிசோரி என்னும் அந்த மருத்துவர் முதன்முதலில் கற்பித்தது வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று. படிப்பு வராது என்று கைவிடப்பட்ட பிள்ளைகளே அவருடைய முதல் மாணவர்கள்.

இளமையும் கல்வியும்

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசு ஊழியர். தாயார் ரெனில்டே நூல்களை விரும்பிப் படிப்பவர். தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் 1875ஆம் ஆண்டு தலைநகர் ரோமில் குடியேறியது. அங்குள்ள அரசுப் பள்ளியில் மரியாவின் கல்வி தொடங்கியது.

அக்காலத்தில் படித்த பெண்களுக்கு ஆசிரியர் பணியே ஏற்றது என்று கருதினர். மரியாவோ பொறியியலாளராக விரும்பி, ஆண்களே மிகுதியாகப் பயின்ற தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் அவருடைய நாட்டம் மருத்துவத்தின்பால் திரும்பியது. தந்தை அதனை விரும்பவில்லை, தாயார் துணைநின்றார். 1890ஆம் ஆண்டு ரோம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதலில் இயற்கை அறிவியல் கற்றார்; அதன் பின்னரே மருத்துவப் பிரிவில் இடம் பெற்றார்.

அங்கும் அவர் பாதை மேடுபள்ளம் நிறைந்ததாகவே இருந்தது. ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் சடலத்தை அறுத்துப் பார்ப்பது தகாது என்றனர். ஆகவே, மற்றவர்கள் சென்ற பிறகு அவர் தனியாகவே உடற்கூற்றுப் பயிற்சிகளைச் செய்ய வேண்டியிருந்தது. மனந்தளராமல் பயின்று 1896ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது.

கைவிடப்பட்ட பிள்ளைகள்

பட்டம் பெற்றபின் மாண்டிசோரி பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் துணை மருத்துவராகத் தொண்டாற்றினார். நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதற்காக ரோமிலிருந்த மனநோய் மருத்துவமனைகளுக்கு அவர் செல்வது வழக்கம். அங்கு, பெரியவர்களோடு சேர்த்துச் சிறுவர்களையும் அடைத்து வைத்திருந்தனர். பேச்சு வராதவர், கற்றலில் மிகவும் பின்தங்கியவர் எனப் பலதரப்பட்ட பிள்ளைகள் அங்கே இருந்தனர். அவர்களுக்கு உணவும் உடையும் கிடைத்தன. செய்வதற்கு மட்டும் ஒன்றுமே இல்லை.

ஒரு நிகழ்ச்சியை அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். உணவு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் கண்டு பணிப்பெண் அருவருப்போடு முறையிட்டாள். மாண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். விளையாட்டுப் பொருள் ஒன்றுகூட இல்லை. கையால் பிடித்துப் பார்க்க அத்துணுக்குகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவர்கள் தேடியது உணவை அன்று, கைக்கு ஒரு வேலையை என்று அவர் உணர்ந்தார்.

இப்பிள்ளைகளுக்குத் தேவை மருந்து மட்டுமா, இல்லை கற்பிக்கும் முறையா என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. அவ்வினாவோடு நூல்களைத் தேடியபோது பிரான்சு நாட்டு மருத்துவர் இருவரின் எழுத்துகள் அவருக்குக் கிட்டின. அவருள் ஒருவர் இத்தார். 1800ஆம் ஆண்டளவில் அவேரோன் பகுதிக் காட்டிலிருந்து மீட்கப்பட்ட பேசத் தெரியாத சிறுவனுக்குப் பல்லாண்டு பொறுமையோடு கற்பித்தவர் அவர். மற்றவர் அவருடைய மாணவரான செகான். கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளுக்கெனத் தொட்டும் பார்த்தும் செய்யும் பயிற்சிகளை வரிசைப்படுத்தியவர் அவர். மாண்டிசோரி தேடிய வினாவுக்கு அப்பயிற்சிகளில் விடையின் தொடக்கம் இருந்தது.

ஊசிக்கு முன் காகிதம்

1900ஆம் ஆண்டு கற்றல் குறைபாடுடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ரோமில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதன் இயக்குநர் பொறுப்பு மாண்டிசோரிக்கும் மருத்துவர் மொன்தேசானோவுக்கும் வழங்கப்பட்டது. அப்பள்ளியோடு இணைந்த வகுப்பில் பிள்ளைகள் பயின்றனர். மாண்டிசோரி காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை அவர்களோடு இருந்தார். பார்த்தவற்றைக் குறித்துவைத்து ஆராய்ந்தார்.

அவ்வகுப்பில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் கைகளுக்கு வலிமையிருந்தது. ஆயினும், துணியின் இழைகளுக்கு மேலும் கீழுமாக ஊசியைச் செலுத்தும் தையல் அவளுக்கு வரவேயில்லை. மீண்டும் மீண்டும் காட்டிக் கொடுத்தும் பயனில்லை. வேறு ஒருவராக இருந்தால் அவளுக்குத் தையல் வராது என்று முடிவு கட்டியிருப்பார். அல்லது அதே ஊசியையும் துணியையும் இன்னும் நூறு முறை கொடுத்துப் பார்த்திருப்பார்.

மாண்டிசோரி ஊசியை எடுத்து வைத்துவிட்டார். அகன்ற காகித நாடாக்களைச் சிறுமியின் கையில் கொடுத்தார். பாய் முடைவதுபோல ஒரு நாடாவை மற்ற நாடாக்களின் மேலும் கீழுமாகச் செலுத்திப் பின்னுவதே வேலை. தையலில் செய்ய வேண்டிய அதே அசைவுதான் இதிலும் உண்டு. ஆனால், இழை பெரியது, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது, ஊசி தேவைப்படாதது. சிறுமி காகிதப் பின்னலில் தேர்ந்தாள். பிறகு அவளை மீண்டும் தையலுக்கு அழைத்து வந்தார். இம்முறை அவளால் தைக்க முடிந்தது.

சிறிய நிகழ்ச்சிதான். ஆனால், மாண்டிசோரியின் கல்விமுறை முழுவதற்கும் வித்து இதுவே எனலாம். ஒரு பிள்ளையால் ஒரு வேலையைச் செய்ய முடியவில்லையென்றால், அவ்வேலைக்கும் பிள்ளைக்கும் இடையில் ஏதோ ஒரு படி விடுபட்டிருக்கிறது. அதே பாடத்தை உரக்கச் சொல்வதாலோ பன்முறை எழுதச் சொல்வதாலோ அந்தப் படி வந்துவிடாது. விடுபட்ட படி எது என்று கண்டறிந்து, அதனைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும். அவர் அன்று கற்றுக்கொண்ட பாடம் இது.

எழுதக் கற்பிப்பதிலும் இதே வழியைப் பின்பற்றினார். எழுதுகோலைப் பிடித்தவுடன் எழுத்தையும் எழுது என்றால், பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு கடினமான செயல்களைச் செய்ய வேண்டியுள்ளது. எழுதுகோலைக் கட்டுப்படுத்துவது ஒன்று. எழுத்தின் வடிவத்தை நினைவில் கொள்வது மற்றொன்று. மாண்டிசோரி இவ்விரண்டையும் பிரித்தார். மரத்தால் செய்த எழுத்துகளைக் கொடுத்து, எழுதும் திசையிலேயே சுட்டுவிரலால் தடவச் செய்தார். அடுத்து, இரு விரல்களால் தடவச் செய்தார். அதன்பின், எழுதுகோலைப் பிடிப்பதுபோல் சிறு குச்சியைப் பிடித்துத் தடவச் செய்தார். ஒவ்வொரு படியும் முந்தியதைவிடச் சற்றே உயரமாக இருந்தது.

சுமார் ஈராண்டு உழைப்பின் பயன் ரோம் நகரையே வியக்க வைத்தது. அவ்வகுப்பில் கற்ற பிள்ளைகள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்றனர். பொதுப் பள்ளி மாணவர்களோடு அமர்ந்து தேர்வு எழுதித் தேர்ச்சியும் பெற்றனர்.

எவரும் கேட்காத வினா

ஊரார் அதனை அற்புதம் என்று புகழ்ந்தனர். மாண்டிசோரியோ புகழில் மயங்காமல் வேறு திசையில் சிந்தித்தார். கைவிடப்பட்ட பிள்ளைகளே இந்த அளவுக்கு வர முடியுமென்றால், நல்ல உடல்நலமும் அறிவும் பெற்ற பொதுப் பள்ளி மாணவர்கள் ஏன் இன்னும் உயரவில்லை என்று அவர் எண்ணினார். தம் மாணவர்களுக்குப் படிநிலை அமைத்துக் கற்பித்தது போலப் பிறருக்கும் கற்பித்தால் என்ன ஆகும்? குறை பிள்ளைகளிடமா, கற்பிக்கும் முறையிலா?

இவ்வினாவுக்கு விடை காண, 1901ஆம் ஆண்டு அப்பள்ளியிலிருந்து விலகினார். மருத்துவராகிவிட்ட அவர், மீண்டும் பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்து கல்வியியலும் உளவியலும் மெய்யியலும் பயின்றார். இத்தார், செகான் ஆகியோரின் எழுத்துகளை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே தொடக்கம் முதல் முடிவு வரை எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் படிக்க இதுவே வழி என அவர் கருதினார்.

ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸ் நகரிலும் இதே சிக்கலை ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் உளவியல் அறிஞர் அல்பிரட் பினே. கூடுதல் உதவி தேவைப்படும் மாணவர்களைக் கண்டறிவது குறித்து ஆராயப் பிரான்சு அரசு 1904ஆம் ஆண்டு அமைத்த குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். 1905ஆம் ஆண்டு மருத்துவர் சீமோனுடன் சேர்ந்து ஒரு சோதனையை உருவாக்கினார். உதவ வேண்டிய பிள்ளையை அடையாளம் காண்பதே அச்சோதனையின் நோக்கம். பிற்காலத்தில் சில நாடுகளில் பிள்ளைகளின் அறிவுக்கு நிலையான முத்திரை குத்தும் கருவியாக அது மாற்றப்பட்டது. சோதனை என்பது உதவியின் முதல் படியாக இருக்க வேண்டும். முத்திரையோடு நின்றுவிட்டால் அதனால் பிள்ளைக்குப் பயனில்லை. மாண்டிசோரியின் பணி அடுத்த படியைப் பற்றியது. கண்டறிந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு அவர் விடை தேடினார்.

குழந்தைகள் இல்லம்

அவ்விடையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு 1907ஆம் ஆண்டு கிட்டியது. ரோமில் சான் லொரென்சோ என்னும் ஏழ்மையான பகுதி இருந்தது. அங்கே ஒரு கட்டட நிறுவனம் பழைய அடுக்குமாடி வீடுகளைச் செப்பனிட்டு ஏழைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றுவிட, பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் பகல் முழுவதும் சுவர்களில் கிறுக்கியும் படிக்கட்டுகளைப் பாழ்படுத்தியும் திரிந்தனர். அவர்களை ஓர் அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுவனத்தார் தேடினர். மாண்டிசோரி அப்பொறுப்பை ஏற்றார். ஜனவரி 6ஆம் நாள் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 50 பிள்ளைகள் வந்தனர்.

தம் முந்தைய வகுப்பில் பயன்படுத்திய பாடத்துணைப்பொருள்களை மெருகேற்றி இங்கே வைத்தார். அவற்றுள் ஒன்று, துளைகள் கொண்ட மரக்கட்டையும் அவற்றில் பொருந்தும் உருளைகளும் ஆகும். ஒவ்வோர் உருளையும் ஒரே ஒரு துளையில்தான் சரியாக அமரும். ஓர் உருளையைத் தவறான துளையில் இட்டால், கடைசி உருளைக்கு இடம் கிடைக்காது. தவற்றை ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, பொருளே காட்டிவிடும். பிள்ளை யார் முன்னிலையிலும் தலைகுனியாமல் தானே திருத்திக்கொள்ளும்.

விலைமிக்க மர எழுத்துகளுக்கு மாற்றாக, உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். சொரசொரப்பான அவ்வெழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவித் தடவி அவற்றின் ஒலியையும் கற்றனர். எழுத்துகளை அறிமுகம் செய்யச் செகான் வகுத்த மூன்று படிப் பாடத்தைப் பயன்படுத்தினார். நம் எழுத்தைக் கொண்டு அதனை விளக்கலாம். முதற்படியில் ஆசிரியர் இரண்டு அட்டைகளைக் காட்டி, இது அ, இது இ என்று பெயர் சொல்வார். இரண்டாம் படியில் அ எங்கே, இ எங்கே என்று கேட்பார். பிள்ளை சுட்டிக்காட்டினால் போதும். மூன்றாம் படியில் ஓர் அட்டையைக் காட்டி, இஃது என்ன என்று கேட்பார். பிள்ளை தானே நினைவுகூர்ந்து சொல்ல வேண்டும். இரண்டாம் படியில் பிள்ளை தடுமாறினால் ஆசிரியர் கடிந்துகொள்வதில்லை. பிள்ளை இன்னும் ஆயத்தமாகவில்லை என்று உணர்ந்து, அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, வேறொரு நாள் முதற்படியிலிருந்து தொடங்குவார்.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், மாண்டிசோரி பிள்ளைகளோடு மொட்டைமாடியில் இருந்தார். ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் வரைந்து முடித்ததும், அவனைப் பாராட்டி ஊக்கமூட்டினார். அதுவரை எழுதியே அறியாத அச்சிறுவன் சொற்களை எழுதத் தொடங்கினான். எழுத எழுத மகிழ்ச்சியில் கூவினான். மற்ற பிள்ளைகளும் சுண்ணக்கட்டி கேட்டு ஓடிவந்தனர். திடீரென்று நடந்த விந்தைபோல் அது தோன்றியது. ஆனால், பல வாரங்களாக விரல்களும் கண்களும் செவிகளும் தனித்தனியே பெற்ற பயிற்சி அன்று ஒன்றுகூடியது, அவ்வளவே.

1909ஆம் ஆண்டு அவர் தம் கல்விமுறையை நூலாக வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. பல நாட்டு ஆசிரியர்கள் ரோமுக்கு வந்து பயிற்சி பெற்றனர்.

அடையாற்றில் ஓர் ஆசிரியர்

புகழ் வந்தபின் சோதனையும் வந்தது. இத்தாலியில் சர்வாதிகாரி முசோலினியின் ஆட்சி தொடக்கத்தில் அவர் பள்ளிகளை ஆதரித்தது. பின்னர், அவற்றைத் தன் பிடிக்குள் கொண்டுவர முனைந்தது. மாண்டிசோரி இணங்கவில்லை. அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. அவர் தாய்நாட்டைவிட்டு வெளியேறினார். ஸ்பெயினில் வாழ்ந்தபோது 1936ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் வெளியேறி நெதர்லாந்தில் வாழ்ந்தார்.

1939ஆம் ஆண்டு, தம் 69ஆம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் அவர் நடத்திய முதல் பயிற்சிக்கு 300க்கும் மேற்பட்டோர் வந்தனர். அவர் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மகன் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கூறினார்.

1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியாவில் இத்தாலியர் அனைவரும் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டனர். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரி நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தப்பட்டார். எனினும், அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், தாயின் 70ஆம் பிறந்தநாளன்று, மகன் விடுவிக்கப்பட்டார். போர் முடியும்வரை இருவரும் நாடு திரும்ப இயலவில்லை. அக்காலத்தை மாண்டிசோரி வீணாக்கவில்லை. கொடைக்கானல் மலையில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் பயிலும் வகுப்பை நடத்தினார். பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்கு உதவுவதையும், உதவும்போது தாங்களே மேலும் தெளிவு பெறுவதையும் அங்கே கண்டார். இந்தியாவின் பல நகரங்களிலும் இலங்கையிலும் பயிற்சி அளித்தார். அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

1946ஆம் ஆண்டு ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் தம் 81ஆம் வயதில் காலமானார். பின்னாளில் இத்தாலி அவர் உருவத்தைத் தன் 1000 லீரா பணத்தாளில் அச்சிட்டுச் சிறப்பித்தது.

நமக்கான பாடம்

இன்று அவர் பெயரைத் தாங்கிய பாலர் பள்ளிகள் பல கட்டணம் செலுத்தக்கூடியவர்களுக்கே எட்டுகின்றன. அம்முறை பிறந்ததோ கட்டணம் செலுத்த இயலாதவர்களிடையே என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

மாணவர்களே, நம் பள்ளிகளில் ஒரு பாடம் முடிந்ததும் ஆசிரியர் உங்கள் அடைவுநிலையைப் பார்க்கிறார். நன்கு அடைந்தவர்களுக்கு வளப்படுத்தும் நடவடிக்கை தருகிறார். ஓரளவு அடைந்தவர்களுக்குத் திடப்படுத்தும் நடவடிக்கை தருகிறார். இன்னும் அடையாதவர்களுக்குக் குறைநீக்கல் நடவடிக்கை தருகிறார். எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் பின்தங்கிய தொடக்கப்பள்ளி மாணவர்களைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவுவதற்காக, 2010ஆம் ஆண்டு நம் நாட்டில் லினுஸ் திட்டமும் தொடங்கப்பட்டது.

குறைநீக்கல் குழுவில் தன் பெயர் சேர்க்கப்பட்டால் வெட்கப்படும் மாணவர்கள் உண்டு. அக்குழுவில் இருப்பவரைக் கேலி செய்யும் மாணவர்களும் உண்டு. 11 வயதுச் சிறுமியும் காகித நாடாவும் அவ்விருவருக்கும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. கூடுதல் உதவி என்பது தண்டனையும் அன்று, தாழ்வும் அன்று. விடுபட்ட படியை மீண்டும் வைத்துத் தரும் வேலை அது. ஒரு குழுவில் இன்று இருப்பவர் என்றும் அங்கேயே இருக்க வேண்டியதில்லை. காகிதத்தில் தேர்ந்தவுடன் சிறுமி ஊசிக்குத் திரும்பியதுபோல, படியைக் கடந்தவர் மேலே செல்லலாம். எந்தப் படியில் தடுமாறுகிறோம் என்பதை ஆசிரியரிடம் தயங்காமல் சொல்வது நம் பங்கு. உடன் பயில்பவர் தடுமாறும்போது நகைக்காமல் கைகொடுப்பதும் நம் பங்குதான்.